கரையாத கல்லா, கரையும் மருந்தா? மெக்னீசியம் ஆக்சைடின் இரட்டை வாழ்க்கை

மெக்னீசியம் மாத்திரைகளைப் பற்றிய பேச்சு பெருகியதிலிருந்து ஒரு வாதமும் கூடவே சுற்றிவருகிறது. "அட்டையில் மெக்னீசியம் ஆக்சைடு என்று இருந்தால் வாங்காதீர்கள். அது நீரில் கரையாத பொருள். கல்லை விழுங்குவதும் அதை விழுங்குவதும் ஒன்றுதான்." வேதியியல் பாடநூலின் கரைதிறன் அட்டவணையைப் புரட்டினால் வாதம் சரியென்றே தோன்றும். அங்கே மெக்னீசியம் ஆக்சைடுக்கு எதிரே "நீரில் கரையாது, அமிலத்தில் கரையும்" என்று இருக்கும்.

குழப்பம் இதோடு நிற்பதில்லை. சேலத்துக்கும் ஏற்காடு அடிவாரத்துக்கும் இடையே வெட்டியெடுக்கப்படும் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பதும் இதே மெக்னீசியம் ஆக்சைடுதான். சுருக்கமாக இதை மெக்னீசியா என்பார்கள். எஃகு உலைகளின் உட்சுவருக்கு அதில் செங்கல் செய்கிறார்கள். சிமென்ட்டிலோ இதே பொருள் ஓர் அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. காரணம், அது நீரோடு காலம் கடந்து வினைபுரிந்து சுவரைப் பிளந்துவிடும்.

மருந்து, செங்கல், சிமென்ட் மூன்றிலும் வேதிப்பெயர் ஒன்று, நடத்தை மூன்று. "கரையும்", "கரையாது" என்ற சொற்களுக்குள் இரண்டு வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருப்பதே இதற்குக் காரணம். எவ்வளவு கரையும் என்பது ஒன்று. எவ்வளவு நேரத்தில் கரையும் என்பது இன்னொன்று. அட்டவணை முதல் கேள்விக்கு மட்டும், அதுவும் தூய நீருக்கு மட்டும், பதில் சொல்கிறது.

உப்பும் மெக்னீசியாவும்: ஒரே கட்டடம்

சமையல் உப்பின் படிகத்தையும் மெக்னீசியம் ஆக்சைடின் படிகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கட்டட வரைபடம் ஒன்றுதான். நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் முப்பரிமாணச் சதுரங்கப் பலகைபோல மாறி மாறி அமர்ந்திருக்கும். ஒவ்வோர் அயனிக்கும் ஆறு அண்டை வீட்டார்.

வேறுபாடு மின்னூட்டத்தில் இருக்கிறது. உப்பில் சோடியத்துக்கு ஒன்று, குளோரைடுக்கு ஒன்று. மெக்னீசியாவில் உலோகத்துக்கு இரண்டு, ஆக்சிஜனுக்கு இரண்டு. ஈர்ப்பு விசை இரண்டு மின்னூட்டங்களின் பெருக்கலைப் பொறுத்தது என்பதால் அங்கேயே நான்கு மடங்கு. அயனிகள் சிறியவை, நெருங்கி நிற்பவை என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. ஒரு மோல் உப்பின் படிகத்தைத் தனித்தனி அயனிகளாகப் பிரிக்கச் சுமார் 787 கிலோஜூல் வேண்டும். மெக்னீசியாவுக்குச் சுமார் 3,800. இதைப் படிகக்கூடு ஆற்றல் என்பார்கள். உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருகும். மெக்னீசியா 2,850 டிகிரி தாண்டினால்தான் அசையும்.

உப்பு நீரில் கரையும்போது நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொண்டு ஏறக்குறைய அதே 787 கிலோஜூலைத் திருப்பித் தந்துவிடுகின்றன. வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம். அதனால்தான் உப்புக் கரைசல் பெரிதாகச் சூடேறுவதும் இல்லை, குளிர்வதும் இல்லை. அயனிகள் பிரிந்தன, கலந்தன, அவ்வளவுதான். நீரை வற்றவைத்தால் உப்பு அப்படியே திரும்ப வரும்.

ஆக்சைடு விஷயத்தில் இந்தக் கணக்கே செல்லாது. ஏனென்றால் இரட்டை எதிர்மின்னூட்டம் கொண்ட ஆக்சைடு அயனி என்ற ஒன்று நீருக்குள் உயிர்வாழ முடியாது. நீர் மூலக்கூறைச் சந்தித்த அந்தக் கணமே அதிலிருந்து ஒரு புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, பிடுங்கிக்கொள்ளும். இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாக மாறிவிடும். ஆகவே உலோக ஆக்சைடு "கரைகிறது" என்று சொல்வது கொஞ்சம் தளர்வான பேச்சு. நடப்பது ஒரு வேதிவினை. வற்றவைத்தால் ஆக்சைடு திரும்ப வராது. ஹைட்ராக்சைடோ, அமிலத்தின் உப்போதான் மிஞ்சும்.

படிகம் எப்படிக் கழற்றப்படுகிறது

அமிலம் படிகத்தை அப்படியே "அரித்துத் தின்கிறது" என்ற மனப்படம் தவறானது. வேலை மேற்பரப்பில், அயனி அயனியாக நடக்கிறது.

1. நீர் மூலக்கூறு ஒன்று மேற்பரப்பில் வந்து அமர்ந்து உடைகிறது. அதன் புரோட்டான் படிகத்தின் ஆக்சிஜன்மேல் ஒட்டிக்கொள்கிறது. மிச்சமுள்ள ஹைட்ராக்சில் உலோக அயனியின்மேல் ஒட்டிக்கொள்கிறது. சற்று நேரத்தில் மேற்பரப்பு முழுவதும் ஹைட்ராக்சில் குழுக்களால் போர்த்தப்படுகிறது.

2. கரைசலில் அமிலம் இருந்தால் மேலும் புரோட்டான்கள் வந்து இந்த ஹைட்ராக்சில்களோடு சேர்கின்றன. ஹைட்ராக்சில் நீராகிவிடுகிறது. எதிர்மின்னூட்டத்தால் உலோகத்தை இறுகப் பிடித்திருந்த கை இப்போது மின்னூட்டமற்ற, தளர்ந்த கை.

3. அக்கம்பக்கத்துப் பிடிகள் போதுமான அளவு தளர்ந்ததும் உலோக அயனி கழன்று நீருக்குள் போகிறது. மெக்னீசியம் என்றால் ஆறு நீர் மூலக்கூறுகளைச் சுற்றிலும் அணிந்துகொண்டு போகும்.

4. அது விட்டுச்சென்ற இடத்தில் புதிய ஆக்சிஜன்களும் புதிய உலோக அயனிகளும் வெளிப்படுகின்றன. முதல் படி மறுபடி தொடங்குகிறது.

இவற்றில் மூன்றாவது படிதான் பொதுவாக மந்தமானது. சுவிட்சர்லாந்தில் வெர்னர் ஸ்டுமும் கெர்ஹார்ட் ஃபுரரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பெரிலியம் ஆக்சைடு கரையும் வேகம் மேற்பரப்பில் ஏறிய புரோட்டான் செறிவின் இருமடிக்கும், அலுமினியம் ஆக்சைடு கரையும் வேகம் மும்மடிக்கும் ஏற்ப மாறியது. பெரிலியத்தின் மின்னூட்டம் இரண்டு, அலுமினியத்தின் மின்னூட்டம் மூன்று. ஓர் உலோக அயனியை விடுவிக்க அதன் மின்னூட்டத்துக்கு ஈடான எண்ணிக்கையில் புரோட்டான்கள் அதைச் சூழ்ந்து உட்கார வேண்டும் என்பதே பொருள்.

எவ்வளவு கரையும்: ஒரு பி.எச். அலகுக்கு நூறு மடங்கு

தூய நீரில் மெக்னீசியா முதலில் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. அந்த ஹைட்ராக்சைடு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவாகவே கரையும். கரைந்த சிறிதளவே நீரின் பி.எச். அளவை (7 என்றால் நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 10.3க்கு அருகே உயர்த்திவிடும். அதோடு கரைசல் தெவிட்டிவிடுகிறது. அட்டவணையின் "கரையாது" என்ற சொல் இந்த நிலையைத்தான் குறிக்கிறது.

இப்போது வெளியிலிருந்து அமிலம் ஊற்றி பி.எச். அளவை இறக்குவோம். ஒரு மெக்னீசியம் அயனிக்கு இரண்டு ஹைட்ராக்சைடுகள் துணை. பி.எச். ஓர் அலகு இறங்கினால் ஹைட்ராக்சைடின் செறிவு பத்தில் ஒன்றாகும். கரைசல் தாங்கக்கூடிய மெக்னீசியத்தின் அளவு பத்தின் இருமடி, அதாவது நூறு மடங்கு கூடும். பி.எச். 10இல் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் மெக்னீசியம். 9இல் சுமார் 1.4 கிராம். 8இல் கணக்குப்படி 140 கிராம் அளவில் வருகிறது. அதற்குக் கீழே இந்த உச்சவரம்பு நடைமுறையில் பொருளற்றது. நடுநிலை நீரைத் தொடர்ந்து நடுநிலையிலேயே வைத்திருக்க முடிந்தால் மெக்னீசியாவுக்குக் கரைய இடம் தாராளமாக இருக்கிறது.

இரைப்பையின் பி.எச். பொதுவாக 1.5 முதல் 3.5 வரை. அங்கே உச்சவரம்பைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

இரும்புக்கு இதே கணக்கு இன்னும் கடுமையானது. துருவில் உள்ள இரும்பு அயனிக்கு மூன்று ஹைட்ராக்சைடுகள் துணை என்பதால் ஒரு பி.எச். அலகுக்கு ஆயிரம் மடங்கு வேறுபாடு. தண்ணீர்த் தொட்டியின் அடியில் செந்நிறப் படிவு ஆண்டுக்கணக்காக அசையாமல் கிடப்பதும், அதே படிவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் மஞ்சள் கரைசலாக ஓடிவிடுவதும் இதனால்தான்.

எவ்வளவு வேகம்: மூலைகளின் கதை

சுவையான பகுதி இது. வெட்டிச் சமன்செய்த மெக்னீசியாப் படிக முகத்தில் நடுவே அமர்ந்திருக்கும் ஓர் அயனிக்கு ஐந்து பிடிகள். படிக்கட்டின் விளிம்பில் இருப்பதற்கு நான்கு. மூலையில் நிற்பதற்கு மூன்று. நீர் மூலக்கூறுகள் சமதள முகத்தில் தயங்குகின்றன. விளிம்பிலும் மூலையிலும் உடனே உடைகின்றன. ஆகவே படிகம் எப்போதும் ஓரத்திலிருந்துதான் கழற்றப்படும்.

பள்ளி ஆய்வகத்தில் மெக்னீசியம் நாடாவைக் கொளுத்தும்போது எழும் வெண்புகையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அத்தனையும் கச்சிதமான குட்டிக் கனசதுரங்கள். அவற்றை நீரில் இட்டு மறுபடி பார்த்தவர்கள் கண்டது: முதலில் விளிம்புகள் மழுங்கின, பிறகு மூலைகள் சீவப்பட்டன, நேரம் போகப்போக கனசதுரம் எண்முகியை நோக்கி உருமாறியது. கரைதல் மேற்பரப்பு முழுவதும் சமமாக நடந்திருந்தால் கனசதுரம் சிறிய கனசதுரமாக அல்லவா ஆகியிருக்க வேண்டும்?

இதிலிருந்து சூளைக்குப் போகலாம். மேக்னசைட் கல்லை 700 முதல் 1,000 டிகிரி வரை மட்டும் சுட்டால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி, உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட பொருக்குத்தூள் கிடைக்கும். எங்கு பார்த்தாலும் விளிம்பும் மூலையும் குறையுமாக இருக்கும். இது இலேசாகச் சுட்ட மெக்னீசியா. அதையே 1,500 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருத்து, துளைகள் அடைபட்டு, குறைகள் ஆறி, சமதள முகங்கள் மட்டும் மிஞ்சும். இதற்குத் தொழிலில் சொல்வது "செத்துச் சுட்ட" மெக்னீசியா என்று பொருள்படும் பெயர். பொருத்தமான பெயர்தான். வினை செத்துவிட்டது; பொருள் மாறவில்லை.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. குறிப்பிட்ட அளவு சிட்ரிக் அமிலக் கரைசலில் ஃபினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, மெக்னீசியாத் தூளைக் கொட்டிக் கலக்கி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அமிலம் முழுவதையும் தூள் தீர்த்துவிட்டால் கரைசல் இளஞ்சிவப்பாகும். இலேசாகச் சுட்டது ஒரு நிமிடத்துக்குள் நிறம் காட்டிவிடும். செத்துச் சுட்டது 15 நிமிடம் தாண்டியும் வெள்ளையாகவே சுழன்றுகொண்டிருக்கும். அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே வரி.

சுண்ணாம்புக்கும் இதே விதி என்பது காளவாய்க்காரர்களுக்கு வேதியியல் பிறப்பதற்கு முன்பே தெரியும். சரியாகச் சுட்ட சுண்ணாம்புக்கல் தண்ணீர் பட்டதும் கொதித்துப் பொங்கி நீறும். வெளிவரும் வெப்பம் மோலுக்குச் சுமார் 65 கிலோஜூல். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பின் வெப்பம் கணக்குப்படி கிட்டத்தட்ட 4 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். ஆனால் அளவுமீறிச் சுட்ட கட்டிகள் அசையாமல் கிடந்து, சாந்தில் கலந்து, பூச்சு காய்ந்த பிறகு உள்ளேயே நீறும். சுவரில் திடீரென்று சிறு வட்டங்களாகப் பூச்சு தெறித்து விழுவது அதனால்தான். கொத்தனார்கள் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைப்பது இந்தச் சோம்பேறிக் கட்டிகளுக்கும் நேரம் கொடுக்கத்தான்.

சிமென்ட்டுக்குள் தூங்கும் படிகம்

போர்ட்லண்ட் சிமென்ட்டின் கிளிங்கர், அதாவது அரைத்துச் சிமென்ட்டாக்கும் சூளைக்கட்டி, சுமார் 1,450 டிகிரியில் சுடப்படுகிறது. சுண்ணாம்புக்கல்லோடு வரும் மெக்னீசியாவும் அந்த வெப்பத்தில் ஏறக்குறைய செத்துச் சுட்ட நிலைக்குப் போய்விடும். சிமென்ட்டின் மற்றக் கூறுகள் சில வாரங்களில் நீரோடு வினைபுரிந்து இறுகிவிட, இந்தப் படிகங்கள் மட்டும் தூங்குகின்றன. அவற்றைச் சுற்றி உருவாகும் மெல்லிய ஹைட்ராக்சைடு உறை நீர் உள்ளே நுழைவதையும் தாமதப்படுத்துகிறது. அமிலம் இருந்தால் அந்த உறை கரைந்திருக்கும். சிமென்ட்டுக்குள் இருப்பதோ கடும் காரம்.

ஆண்டுகள் கழித்து அவை விழிக்கும்போது சிக்கல் வருகிறது. மெக்னீசியா ஹைட்ராக்சைடாகும்போது திடப்பொருளின் கனஅளவு சுமார் 2.2 மடங்காகும். இறுகிய கான்கிரீட்டுக்குள் அதற்கு இடம் ஏது? விரிசல்தான். 1880களில் பிரான்சில் மெக்னீசியா மிகுந்த சிமென்ட்டில் கட்டிய பாலங்கள் இப்படித்தான் கெட்டன.

இந்தியத் தரநிர்ணயம் சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டில் மெக்னீசியா 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. அதோடு இரண்டு சோதனைகள். லெ ஷாட்லியே சோதனையில், பிளவுள்ள சிறு பித்தளை உருளைக்குள் சிமென்ட் குழம்பை நிரப்பி, ஒரு நாள் நீரில் வைத்து, பிறகு மூன்று மணி நேரம் கொதிக்கவைப்பார்கள். உருளையில் பொருத்திய இரண்டு ஊசிகளின் முனைகள் 10 மில்லிமீட்டருக்கு மேல் விலகக்கூடாது. இது நீறாமல் தங்கிய சுண்ணாம்பைக் காட்டிக்கொடுக்கும். மெக்னீசியாவைக் காட்டிக்கொடுக்காது, கொதிநீர் அதை எழுப்பப் போதாது. அதற்காகவே ஆட்டோகிளேவ் சோதனை: சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோ அழுத்தமுள்ள நீராவியில் மூன்று மணி நேரம். நீளம் 0.8 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது. ஆண்டுக்கணக்கில் நடக்கவிருக்கும் கரைதலைச் சில மணிக்குள் நடத்திப் பார்க்கும் தந்திரம் இது.

இதே தாமதத்தைப் பயனாக மாற்றியவர்களும் உண்டு. பெரிய அணைகளின் கான்கிரீட் ஆறி முடிய நெடுங்காலம் ஆகும். ஆறும்போது சுருங்கி விரிசல் விடும். சீனப் பொறியாளர்கள் அளவறிந்து சுட்ட மெக்னீசியாவைக் கலந்து, சுருங்கும் காலத்திலேயே அது விரிந்து ஈடுகட்டும்படி செய்தார்கள். சூளையின் வெப்பநிலைதான் அங்கே கடிகாரம்.

புரோட்டான் மட்டும் போதாதபோது

மெக்னீசியா எளிதான ஆக்சைடு. எல்லா ஆக்சைடுகளும் இப்படி இல்லை. குரோமியம் ஆக்சைடை அடர் அமிலத்தில் போட்டாலும் சலனமிருக்காது. காரணத்தை நீர் மூலக்கூறுகளிடம் கேட்கலாம். உலோக அயனியைச் சூழ்ந்த நீர் மூலக்கூறு ஒன்று விலகி இன்னொன்று வர, மெக்னீசியத்துக்கு ஒரு மைக்ரோ நொடி அளவில் ஆகிறது. அலுமினியத்துக்கு ஏறக்குறைய ஒரு நொடி. குரோமியத்துக்கு நாள்கணக்கு. நீரையே இவ்வளவு தயங்கி விடும் அயனி, படிகத்தின் ஆக்சிஜனை எளிதில் விடுமா? எவர்சில்வர் பாத்திரம் துருவிலிருந்து தப்புவதே அதன் மேலுள்ள இந்தப் பிடிவாதமான குரோமியம் ஆக்சைடுப் படலத்தால்தான்.

இப்படிப்பட்ட இடங்களில் வேறு மூன்று வழிகள் உதவுகின்றன.

முதலாவது, அணைவு. புளியால் செம்புக் குடம் துலக்குவது நல்ல எடுத்துக்காட்டு. புளியின் டார்டாரிக் அமிலம் புரோட்டான் தருவதோடு நிற்பதில்லை. அதன் டார்ட்ரேட் பகுதி செம்பு அயனியைக் கவ்விப் பிடித்துக் கரைசலுக்கு இழுக்கிறது. உப்பைச் சேர்த்துத் தேய்த்தால் குளோரைடும் கூட வந்து பிடிக்கும். கறுத்த ஆக்சைடு போய்விடும்; அடியிலுள்ள உலோகம் அந்த அமிலத்தில் தானாகக் கரையாது என்பதால் பளபளப்பு தெரிகிறது. ஆனால் புளிக்குழம்பை அந்தப் பாத்திரத்தில் இரவெல்லாம் வைத்தால் காற்று புதிய ஆக்சைடை உண்டாக்கும், புளி அதைக் கரைக்கும், மறுபடி காற்று. களிம்பேறும் வழி அது. ஈயம் பூசும் வழக்கம் எதற்காக வந்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒடுக்கம். மூன்று மின்னூட்ட இரும்புக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து இரண்டாகக் குறைத்தால் படிகத்தில் அதன் பிடி தளர்ந்துவிடும். நீர் தேங்கிய நெல்வயலில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் செய்வது இதையே. வயல் மண்ணின் இரும்பு ஆக்சைடு கரைந்து நெல்லுக்கு இரும்பு கிடைக்கிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும் மறுபடி துருவாகி எண்ணெய்ப் படலம்போல மினுங்குகிறது. சுண்ணாம்பு மிகுந்த மேட்டு நிலத்தில் இந்த வழி அடைபட்டிருப்பதால்தான் பயிர் மஞ்சளாகிறது. அதற்காகத்தான் அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்) கரைசலில் எலுமிச்சைச் சாறு சேர்த்து இலையில் தெளிக்கிறார்கள். வங்காள தேசத்திலும் மேற்கு வங்கத்திலும் இதே வினைக்கு ஒரு கொடிய முகம் உண்டு. ஆற்றுப்படுகை மணலின் இரும்பு ஆக்சைடுப் பூச்சு காலங்காலமாக ஆர்சனிக்கைப் பிடித்துவைத்திருந்தது. நிலத்தடியில் நுண்ணுயிரிகள் அந்தப் பூச்சைக் கரைக்க, ஆர்சனிக் குழாய்க் கிணற்று நீருக்குள் வந்தது.

மூன்றாவது, காரம். அலுமினியம் ஆக்சைடு போன்ற ஈரியல்பு ஆக்சைடுகள் அமிலத்திலும் கரையும், வலுவான காரத்திலும் கரையும். பாக்சைட்டைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து அலுமினாவைப் பிரிக்கும் பேயர் முறை இதில் நிற்கிறது. காரத்தில் கரையாத இரும்பு ஆக்சைடு செஞ்சேறாக மிஞ்சும். மாணிக்கமும் நீலமும் வேதிப்பெயரில் இதே அலுமினியம் ஆக்சைடுதான். அவற்றை அமிலத்தில் ஊறவைத்தாலும் ஒன்றும் ஆகாது என்பதை, மேலே சொன்ன மூலைக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு வாசகரே ஊகிக்கலாம்.

மறுபடி மாத்திரைக்கு

மாத்திரையில் இருப்பது நுண்ணிய தூள். உலைச் செங்கல் அல்ல. 400 மில்லிகிராம் மெக்னீசியம் ஆக்சைடில் சுமார் 240 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கிறது. முழுவதும் கரைந்தால் 20 மில்லிமோல் அமிலத்தைத் தீர்த்துவிடும். நெஞ்செரிச்சலுக்கு இதைக் கொடுப்பது அதனால்தான்.

கரைதலும் உடலில் சேர்தலும் வேறு வேறு. சிட்ரேட் வடிவத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் ஆக்சைடிலிருந்து இரத்தத்துக்குப் போகும் பங்கு குறைவாகவே இருந்திருக்கிறது. "ஆக்சைடு வேண்டாம்" என்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்குமிடம் இது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. அவர்களுடைய இரைப்பையில் பி.எச். உயர்ந்திருக்கும், உச்சவரம்பு இன்னும் தாராளம்தான், ஆனால் புரோட்டான் குறைந்ததால் வேகம் விழுந்துவிடும். உணவு இரைப்பையில் தங்கும் சில மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டுமே.

உடலில் சேராத பங்கு குடலில் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஜப்பானில் மெக்னீசியம் ஆக்சைடு மலச்சிக்கலுக்குப் பரவலாகத் தரப்படும் மருந்தாக இருப்பது அந்தக் குணத்துக்காகவே. அங்கு மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள் 2008இலும் 2015இலும் எச்சரிக்கை வெளியிட்டன: நீண்ட நாள் இதை உட்கொண்ட முதியவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சிலரின் இரத்தத்தில் மெக்னீசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. கல்லை விழுங்கியிருந்தால் அது ஏறியிருக்காது.